உப்புப் பூத்த மேடு

ஷெல்டனின் கல்லறை மேல் மட்டும் புல் பிடிக்கவில்லை.

இடது பக்கம் படுத்திருந்த ரயில்வே கார்டின் மேட்டில் அருகம்புல் கணுக்கால் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அவர் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். வந்து எட்டிப் பார்த்து வருஷக்கணக்காகிறது. வலது பக்கம் பெயர்ப்பலகைகூட உடைந்துபோன யாரோ ஒரு அம்மாள். அவள் மேலும் பச்சை. நடுவில், வாராவாரம் வந்து அழ ஆள் உள்ள ஷெல்டன் மட்டும் மொட்டை மண்ணாகக் கிடந்தான். அடையாறு நர்சரியில் பாய்போலச் சுருட்டி வாங்கிவந்து பதித்த புல், இது மூன்றாவது தடவை. வந்த புதிதில் பச்சையாகத்தான் இருக்கும். பிறகு நுனி தீய்ந்து சுருளும். இலை நீலம் பாரித்தாற்போல ஒரு நிறத்துக்கு வரும். அதன் பின் வைக்கோல்தான். கையால் தூக்கினால் பாய் அப்படியே கையோடு வந்துவிடும். அடியில் ஒரு வேர் இறங்கியிருக்காது.

அந்தச் சனிக்கிழமையும் கிளாடிஸ் குனிந்து தூக்கிப் பார்த்தாள். வந்துவிட்டது.

“பாத்தீங்களா?” என்றாள் கணவனிடம். “என் புள்ள தள்றான். இன்னா வெச்சாலும் வேணாம்னு தள்றான்.”

காஸ்பர் குடையை அவள் தலைக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆகஸ்ட் வெயில் மண்டையைப் பிளந்தது. அடையாறு கடலில் போய் விழும் இடம் பக்கத்தில்தான். காற்று திரும்பினால் கடலும் சாக்கடையும் சேர்ந்து நாறும். மருமகள் ஷண்முகப்ரியா கல்லறைத் தோட்டத்து அடிபம்ப்பில் குடம் நிறையத் தண்ணீர் பிடித்து, இடுப்பு ஒடிய நடந்து வந்தாள்.

“ஊத்தட்டுமா அத்தை?”

“ஊத்து. ஊத்தி ஊத்தித்தான இவ்ளோ நாள் வளத்த. ஊத்து.”

ப்ரியா ஊற்றினாள். மண் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள், பங்குக் கோயிலில் மரியாயின் சேனை என்ற ஜெபக்குழுவை நடத்துகிற டெல்பின் தன் அம்மாவின் கல்லறைக்கு மாலை போட வந்தவள் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். ஊரில் யார் வீட்டில் எது வேகவில்லை என்றாலும் முதலில் மூக்கு நுழைவது அவளுக்குத்தான்.

“இன்னும் வரலியா கிளாடிஸ்?” என்று உச்சுக்கொட்டினாள். “நான் சொன்னா தப்பா எடுத்துக்காத. இப்டி ஒரு கல்லறைய நான் பாத்ததே இல்ல. ஆத்துமாவுக்கு ஏதோ கொறை இருக்கு. சாவறதுக்கு முன்னாடி யாரோ அவன் மனச நோவடிச்சிருக்காங்க.”

யாரோ என்று சொல்லும்போது அவள் கண் ப்ரியாவின் மேல் போய் உட்கார்ந்து எழுந்தது. கிளாடிஸின் கண்ணும் கூடவே போயிற்று.

காஸ்பர் தன் செருப்பு நுனியைப் பார்த்தார். அங்கே மண் காய்ந்த இடத்தில், கோலப்பொடி சிந்தியதுபோல வெள்ளையாகப் பூத்திருந்தது. அது என்னவென்று அந்தக் கல்லறைத் தோட்டத்திலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். உப்பு. அவரே போட்ட உப்பு.

பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஷெல்டன் போனான். முப்பத்தொரு வயது. வீட்டில் தனிக்குடித்தனப் பேச்சு அதற்கும் முன்பே தொடங்கியிருந்தது. அன்றும் ‘இந்த வீட்ல என்னால மூச்சு விட முடியல’ என்று ப்ரியா சொன்னாள். ‘அப்போ போய்த் தொலையலாம், எங்கயாவது போலாம்’ என்று அவன் கத்தினான். போட்ட சோற்றைத் தொடாமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனவனைப் பாலத்து இறக்கத்தில் தண்ணீர் லாரி அடித்தது. புருஷன் பெண்டாட்டி சண்டை எந்த வீட்டில் இல்லை? ஆனால் அந்தத் தட்டு கிளாடிஸின் கண்ணிலேயே நின்றுவிட்டது. சோற்றின் மேல் ஊற்றிய குழம்பு காய்ந்து ஆடை கட்டியதுவரை அவள் சொல்லுவாள்.

அடக்கத்தன்று குழிக்குப் பக்கத்தில் கிளாடிஸ் மயங்கி விழுந்தாள். பெண்கள் எல்லோருமாக அவளைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். ப்ரியாவும் கூடப் போனாள் என்றுதான் காஸ்பர் நினைத்தார். சாமியார் ஜெபம் முடித்துக் கிளம்பினார். கூட்டம் கரைந்தது. அப்போதுதான் குழிவெட்டி நெடுஞ்செழியன் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். கட்சிக்காரர் ஒருவர் வைத்த பேர், பிழைப்பு வேதக்காரக் கிறிஸ்தவர்களோடு.

“சார், தப்பா நெனைக்காத. இது உங்க ஃபேமிலி குழி. அடியில உங்க நைனா கீறாரு. இப்ப புள்ள. நாளிக்கு நீ, அம்மா… இன்னா, எல்லாம் இங்கதான வரணும்? இங்க தண்ணி மேலயே கீது சார். ஒடம்பு சுருக்கா மக்கிப் போவாது. அடுத்தவாட்டி தொறக்க சொல்லோ ஆளு அப்டியே கீதுன்னு வெய்யி, மூட்றான்னுவாங்க. உன்ன இட்டுனு போயி ஊருக்கு வெளிய புது தோட்டத்துல போட்ருவாங்க. கல்லுப்பு போட்டன்னா வேல சீக்கிரம் ஆய்டும். எல்லாரும் போட்றதுதான்.”

காஸ்பருக்கு இருதயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை டாக்டர்கள் கை வைத்துவிட்டார்கள். தன் முறை வெகுதூரத்தில் இல்லை என்று அவருக்குத் தெரியும். மகனின் பெட்டி திறந்த குழிக்குள் கிடக்க, தகப்பன் அந்த இடத்தில் நினைத்தது தனக்கு ஒரு படுக்கை. சொல்லவே கூசுகிறது, ஆனால் நினைத்தார். கிளாடிஸை ஊருக்கு வெளியே முள்ளுக்காட்டில் போடுவார்களே என்றும் நினைத்தார் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். தலையாட்டினார்.

நெடுஞ்செழியன் கொட்டகையில் மூட்டைகளைத் தயாராகவே வைத்திருந்தான். ஒன்றைப் பெட்டிமேல் கொட்டினான். ஒன்றைப் பக்கவாட்டில் சரித்தான். மிச்சத்தை மூடுகிற மண்ணில் கலந்தான். மோப்பம் பிடித்து நாய் தோண்டாது என்றான். மூட்டை வாயின் தையல் பிரியாமல் அவன் திணறியபோது, காஸ்பர்தான் நூலை இழுத்துக் கொடுத்தார்.

அந்தப் பங்குப் பள்ளிக்கூடத்தில் வாழ்நாள் முழுக்க அறிவியல் எடுத்த மனிதர் அவர். காஸ்பர் சார் என்றால் உருளைக்கிழங்கு பரிசோதனை. கிழங்கில் குழி தோண்டி உள்ளே உப்பை வைத்துத் தண்ணீரில் நிறுத்துவார். உப்பு எங்கே உண்டோ தண்ணீர் அங்கே போகும், தான் பிடித்த தண்ணீரை உப்பு லேசில் விடாது என்பார். “இப்ப மண்ணுல உப்பு இருந்தா வேருக்கு என்ன ஆகும்?” என்று கேட்டுவிட்டு அவரே சொல்வார்: “பக்கத்துலயே தண்ணி இருக்கும். ஆனா வேரால உறிஞ்ச முடியாது. அதுகிட்ட இருக்கறதயும் மண்ணு புடுங்கிக்கும். தண்ணியில நின்னுக்கிட்டே செடி தாகத்துல சாகும்.” பையன்கள் எழுதிக்கொள்வார்கள். அதைச் சொல்லிக்கொடுத்த அதே மனிதர்தான் மூன்று தடவை நர்சரிக்குப் போய், வாயை மூடிக்கொண்டு, புல்லுக்குப் பேரம் பேசினார்.

வீட்டில் அன்றைக்கு மத்தியானம் நெத்திலிக் குழம்பு. சாந்தோமில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற சந்தில், மாடியில் முன்னறையும் பின்னறையுமாக ஒரு வீடு. முன்னறையில் ஷெல்டனின் படத்துக்குச் சின்ன பல்ப் மாலை கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். அவன் போனதிலிருந்து ப்ரியாவுக்குப் படுக்கை அந்தப் படத்துக்குக் கீழே, வெறும் பாயில். பின்னறைக் கட்டிலில் மகனின் சட்டைகளை அடுக்கி, யாரும் படுக்கக் கூடாதென்று வைத்துவிட்டாள் கிளாடிஸ்.

காஸ்பருக்கு மீனும் குழம்பும் விழுந்தது. ப்ரியாவின் தட்டில் குழம்பு மட்டும் விழுந்தது. கரண்டி சட்டிக்குள் போய், மீனை ஒதுக்கிவிட்டு வந்த விதத்தைக் காஸ்பர் பார்த்தார். மாதக்கணக்காக அதே விதம்தான். ஒரு நாளாவது தன் தட்டிலிருந்து ஒரு மீனை எடுத்து அந்தப் பெண்ணுக்கு வைக்க அவருக்குக் கை வரவில்லை.

“நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்,” என்றாள் கிளாடிஸ், உட்காராமல். “நவம்பர் ரெண்டு, கல்லறைத் திருநாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள என் புள்ள மேல புல்லு வரணும். வந்துச்சுன்னா, சரி, அவன் மன்னிச்சிட்டான், இவ இங்கயே கெடக்கட்டும். வரலன்னா, அவனுக்கு இவள இங்க வெச்சிருக்கறது புடிக்கலன்னு அர்த்தம். அன்னிக்கே கெளம்பிடணும்.”

“கிளாடி, புல்லுக்கும் இதுக்கும்…”

“இன்னா புல்லுக்கும் இதுக்கும்? பேரே இல்லாதவ மேல வருது. நாதியத்தவன் மேல வருது. என் புள்ள மேல மட்டும் ஏன் வரல? சொல்லுங்க. நீங்க சயின்ஸ் வாத்தியார்தான? சொல்லுங்க பாப்போம்.”

ப்ரியா சோற்றிலிருந்து கையை எடுக்காமல், தலையை மட்டும் நிமிர்த்தி மாமனாரைப் பார்த்தாள். காஸ்பர் சோற்றில் விரலை அளைந்தார்.

“மண்ணு அப்டி,” என்றார். “கடல் பக்கம் இல்லியா.”

“கடலு அவனுக்கு மட்டும் பக்கமா?”

ப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

“எங்க போவேன் அத்தை?” என்று மட்டும் கேட்டாள். தி.நகரில் அவள் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ரங்கநாதன் தெருவில் காலூன்றிய குடும்பம். வேதக்காரப் பையனைக் கட்டிக்கொண்ட அன்றே, மகள் செத்தாள் என்று தலைமுழுகியவர் அவர். ஷெல்டன் செத்தபோதுகூட அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தர் எட்டிப் பார்க்கவில்லை. நந்தனத்தில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலையும், இந்த முன்னறைப் பாயும்தான் அவளுக்கு மிச்சம்.

“அவன சோறு திங்க வுடாம அனுப்பினியே, அப்ப யோசிச்சியா அவன் எங்க போவான்னு?” என்றாள் கிளாடிஸ். பிறகு சட்டியை மூடிவிட்டு, அதுவரை அடக்கியிருந்த அழுகையைச் சமையலறைக்குள் கொண்டுபோய்க் கொட்டினாள்.

அவளைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஒற்றைப் பிள்ளையை மண்ணுக்குள் வைத்தவள். அவன் ஏன் போனான் என்பதற்கு யாராவது ஒருத்தரைக் கையில் பிடித்து வைத்திருந்தால்தான் அவளுக்குப் பொழுது விடியும். பிடிக்கக் கிடைத்தவள் ப்ரியா. பிடி தளரும்போதெல்லாம் இறுக்கிக்கொள்ள அந்த மொட்டை மேடு உதவியது. அந்த மேட்டைச் செய்து கொடுத்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

சொல்லிவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. அந்த வீட்டில் கிளாடிஸ் வருஷா வருஷம் கோடையில் கருவாடு போடுவாள். கானாங்கெளுத்தியைக் கீறி, கல்லுப்பை அள்ளிச் செவுளுக்குள் திணித்து, பானையில் அடுக்கடுக்காக வைப்பாள். இந்த வருஷம் போடவில்லை. சொன்னால் அவள் என்ன கேட்பாள் என்று அவருக்கு வார்த்தை வார்த்தையாகத் தெரியும். என் புள்ளயக் கருவாடு போட்டியா என்பாள். எதுக்கு என்பாள். நான் படுக்க என்று எப்படிச் சொல்லுவது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, அவர் அந்தப் பெண்ணைப் பலி கொடுத்தார்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை, நடைக்குப் போகிறேன் என்று கிளம்பியவர் கால் போன போக்கில் கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். மேட்டுக்குப் பக்கத்தில் ப்ரியா குந்தியிருந்தாள். ஆபீஸ் சுடிதார், தோளில் பை. சுற்றிலும் பெரிய பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டில்கள். எல்லாம் வீட்டுத் தண்ணீர். சிலுவைக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, அருகங்கட்டை நட்டிருந்தாள். நட்டது துளிர்த்திருந்தது. காஸ்பர் குனிந்து பார்த்தார்.

“எப்டிம்மா?”

“பம்ப்புத் தண்ணி உப்பு மாமா. வாயில ஊத்திப் பாத்தேன். அதான் தெனமும் மெட்ரோ வாட்டர் எடுத்துட்டு வரேன். நல்ல தண்ணிய மேலேர்ந்து நெறைய உட்டா, உப்பு கரைஞ்சு கீழ எறங்கிடுமாம். வேருக்குக் கீழ போய்ட்டா புல்லு தப்பிச்சிடுமாம். போன்ல படிச்சேன்.”

“ஆமா,” என்றார் காஸ்பர், வாத்தியார் வழக்கம் விடாமல். “லீச்சிங்னு சொல்லுவாங்க.”

ப்ரியா பாட்டிலைச் சரித்து ஊற்றிக்கொண்டே கேட்டாள். “பக்கத்து மேட்லயும் இதே பம்ப்புத் தண்ணிதான். அங்க வெள்ளையா பூக்கலியே மாமா. இங்க மட்டும் எப்டி இவ்ளோ உப்பு?”

கேட்டுவிட்டு நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. யாரும் இல்லை. தோட்டத்துக் காகம்கூடத் தள்ளித்தான் இருந்தது.

“சில எடம் அப்டி அமைஞ்சிடுதும்மா,” என்றார்.

“சரி மாமா,” என்றாள் அவள். காலி பாட்டில்களைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அந்தக் கை அகலப் பச்சை அக்டோபருக்குள் ஒரு முழமாக விரிந்தது. கிளாடிஸும் பார்த்தாள். பார்த்தவள் மண்டியிட்டு அதைத் தொட்டாள், தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் ப்ரியாவின் தட்டில் ஒரு மீன் விழுந்தது. ப்ரியா அதை உடனே தின்னாமல் ஓரமாகத் தள்ளி வைத்து, கடைசிக் கவளத்தோடு தின்றாள். இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும், தான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது என்று காஸ்பர் அப்பாடா என்று படுத்தார். கோழைக்குக் கிடைக்கிற தூக்கம் நல்ல தூக்கம்.

டெல்பின் விடுவாளா? வந்து பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம்தான் கிளாடிஸ். ஏதோ ஒண்ணு தடுத்துக்கினு இருக்கு. அவ வீட்டு ஆளுங்க இன்னா வெச்சாங்களோ, யாரு கண்டா? நம்ம ஜெபக்கூட்டத்துல ஃபாதர் உப்பு மந்திரிச்சுக் குடுக்கறாரு இல்ல, அத வாங்கி மேல தூவு. எந்தக் கெட்டதும் நிக்காது.”

அடுத்த சனிக்கிழமை கிளாடிஸ் கட்டைப்பையோடு வந்தாள். உள்ளே உப்புப் பொட்டலங்கள். சாமியார் கை வைத்து, சிலுவை போட்டு, ஜெபித்த உப்பு. ஜெபம் சொல்லிக்கொண்டே ஒரு பொட்டலத்தின் வாயைப் பல்லால் கிழித்தாள்.

ப்ரியாவின் கையிலிருந்த குடம் அப்படியே நின்றது. “மாமா,” என்றாள் மெதுவாக.

“கிளாடி,” என்றார் காஸ்பர். “உப்பு வேணாமே. உப்பு போட்டா செடி செத்துடும்.”

“அது கடை உப்பு. இது ஃபாதர் தொட்ட உப்பு.”

“எந்த உப்பா இருந்தாலும் உப்புதான் கிளாடி. மண்ணுல ஏற்கெனவே…”

“ஏற்கெனவே?” கிளாடிஸ் திரும்பினாள். “ஏற்கெனவே இன்னா? உங்களுக்கு இன்னா தெரியும்?”

அவள் கண்கள் சிவந்து, உள்ளே போயிருந்தன; கன்னங்கள் எலும்பும் தோலுமாக இருந்தன. காஸ்பர் அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு வாக்கியம். அடக்கத்தன்னிக்கு நான் உப்பு போட்டேன். அவ்வளவுதான். பார்வையைக் கட்டைப்பைமேல் இறக்கினார்.

“ஒண்ணுமில்ல. கொஞ்சமா போடுன்னு சொன்னேன்.”

“சாமி காரியத்துல கொஞ்சம் இன்னா?” என்றாள் கிளாடிஸ். எல்லாப் பொட்டலத்தையும் கிழித்தாள். பச்சையாக இருந்த முழத்தின் மேல்தான் அதிகமாகக் கொட்டினாள். அங்கேதான் ஆசி வேலை செய்யத் தொடங்கியிருக்கிறதாம். கொட்டிவிட்டு, “தண்ணி உடுடி,” என்றாள். ப்ரியா மாமனாரைப் பார்த்துக்கொண்டே குடத்தைக் கவிழ்த்தாள்.

நாலைந்து நாளில் நுனி தீய்ந்தது. திரும்ப நல்ல தண்ணீர் ஊற்ற ப்ரியா போனபோது, கிளாடிஸ் அவளுக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருந்தாள். மந்திரித்த உப்பைக் கழுவிவிடத்தான் பாட்டிலும் கையுமாக வருகிறாள் என்று தோட்டமே கேட்கக் கத்தினாள். பாட்டில்களை ஒவ்வொன்றாக வாங்கி வழியில் கொட்டினாள். தினமும் உப்பு தூவினாள். அருகு நீலம் பாரித்து, வெளுத்து, படுத்தது. அந்த வருஷம் மழையும் தள்ளிப் போயிற்று. ஐப்பசி பிறந்தும் வானம் துடைத்த தட்டாக இருந்தது.

கல்லறைத் திருநாள் வந்தது. சாயங்காலம் தோட்டம் முழுக்க மெழுகுவர்த்தியும் சாமந்தியும் ஊதுவத்திப் புகையுமாக ஜேஜே என்று கூட்டம். வெளியே பூக்கடை, சுண்டல், பஜ்ஜி. சாமியார் வரிசை வரிசையாக வந்து தீர்த்தம் தெளித்தார். ஷெல்டனின் மேட்டில் கிளாடிஸ் மாலையைப் போட்டாள். மாலைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்த மண். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு விநாடி நின்று, பார்த்து, பக்கத்தில் இருப்பவர் காதைக் கடித்துவிட்டு நகர்ந்தார்கள்.

“மழை வரட்டுமே கிளாடி,” என்று காஸ்பர் கெஞ்சினார். “மழை வந்தா சரியாயிடும். கொஞ்ச நாள் பொறுத்துக்கோ.”

“மழைக்கும் அவளுக்கும் இன்னா சம்பந்தம்?” என்றாள் கிளாடிஸ். பிறகு, சுற்றி டெல்பினும் மற்றவர்களும் நிற்க, மருமகளிடம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. “அவன் சொல்லிட்டான். நீயும் பாத்துட்ட. ஒன் பைய ஆட்டோல வெச்சிருக்கேன். வீட்டுப் பக்கம் வராத. தாலியக் கழட்டிக் குடுத்துட்டுப் போ, அது என் மாமியா போட்டது.”

ஷெல்டன் போன பிறகும் கழுத்தில் விட்டுவைத்திருந்ததை ப்ரியா கழற்றினாள். கொக்கி முடியில் சிக்கிக்கொண்டது. உதவிக்கு யாரும் கை நீட்டாததால் நேரம் பிடித்தது. பிடுங்கி, மாமியார் கையில் வைத்து, மேட்டின் தலைமாட்டில் ஒரு தடவை தொட்டுக் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

காஸ்பர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். பம்ப்படியில் பிடித்தார். அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“எங்கம்மா போவ?”

“கோடம்பாக்கத்துல ஹாஸ்டல் பாத்து வெச்சிருக்கேன் மாமா.”

“ஒரு வாரம் பொறும்மா. நான் அவகிட்ட பேசுறேன். நான் அவளுக்குப் புரியவெக்கறேன்…”

“என்னன்னு?” ப்ரியா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். “உப்பப் பத்தியா?”

காஸ்பர் நின்றார்.

“அன்னிக்கு நான் வேன்ல ஏறல மாமா. கடைசியா ஒரு தடவ அவரு பெட்டியப் பாக்கணும்னு வேப்பமரத்துக்குப் பின்னாடி நின்னேன். மூட்டையப் பாத்தேன். பிரிக்க வரலன்னு நீங்க நூலப் புடிச்சு இழுத்தீங்களே, அதயும் பாத்தேன்.”

“அப்பவே… அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா நீ.”

“யாருட்ட? அத்தைகிட்டயா? நான் சொன்னா, ‘என் புருஷன் மேலயே பழி போட்றியா’ன்னு வெளக்கமாத்தால அடிச்சிருப்பாங்க. உங்க வாயால வரணும். இன்னிக்குச் சொல்லுவாரு, இன்னிக்குச் சொல்லுவாருன்னுதான் ஒவ்வொரு சனிக்கெழமையும் கொடத்தத் தூக்கிட்டு வந்தேன்.”

“அவ தாங்கமாட்டாம்மா,” என்றார் காஸ்பர். “புள்ளையக் கருவாடு போட்டுட்டேன்னு சொல்லுவா. செத்தே போயிடுவா. நீயே சொல்லு, அவளால தாங்க முடியுமா?”

“நான் தாங்குவேன். இல்ல மாமா?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்காகக் கொஞ்சம் நின்றாள்கூட. பிறகு ஆட்டோவில் ஏறி, காலுக்கடியில் கிடந்த பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆட்டோ பஜ்ஜிக் கடையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. காஸ்பர் பம்ப்பை இரண்டு அடி அடித்துத் தண்ணீர் குடித்தார். கரித்தது. துப்பிவிட்டார்.

அதற்கடுத்த வாரம் மழை பிடித்தது. பிடித்தது என்றால் அப்படி ஒரு பிடி. மந்தைவெளியில் முழங்கால் அளவு, தி.நகர் சப்வேயில் பஸ் முழுகியது, பள்ளிக்கூடங்களுக்கு லீவு மேல் லீவு. கல்லறைத் தோட்டத்தில் மேடுகளுக்கு நடுவே தண்ணீர் வாய்க்காலாக ஓடியது. வானத்திலிருந்து விழுகிற நல்ல தண்ணீர், ஒரு பெண் பாட்டில் பாட்டிலாகச் சுமந்து செய்யப் பார்த்ததை ராத்திரியும் பகலுமாக இலவசமாகச் செய்தது. உப்பு கரைந்து, மணலில் இறங்கி, வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய், ஆற்றோடும் கடலோடும் சேர்ந்தது. கிளாடிஸ் கால் வீங்கிப் படுத்திருந்தாள். காஸ்பர் ஜன்னலில் நின்று மழையைப் பார்த்தார். என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அவர் பாடம் எடுத்தவர்.

டிசம்பரில், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்கிய ஒரு வெளுத்த காலையில் இருவரும் போனார்கள். தூரத்திலேயே கிளாடிஸ் கண்டுவிட்டாள். வீங்கிய காலோடு ஓடினாள்.

ஷெல்டன் பச்சையாக இருந்தான். சிலுவைக்கு அடியில் ப்ரியா நட்ட அருகங்கட்டை, செத்ததுபோலக் கிடந்தது, மண்ணுக்குள் உயிரை வைத்திருந்திருக்கிறது. கணுவுக்குக் கணு வேர்விட்டு மேடு முழுக்க ஓடியிருந்தது. ரயில்வே கார்டின் புல்லைவிட இது அடர்த்தி.

“வந்துட்டான்!” கிளாடிஸ் மண்டியிட்டுக் கும்பிட்டாள். “என் ராசா மனசு ஆறிட்டான். பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லியா? அவ போனா, புல்லு வந்துச்சு. அவ காலெடுத்து வெச்சதும் எடுத்ததும் இன்னா வித்தியாசம் பாருங்க!”

கொட்டகை வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த நெடுஞ்செழியன் எழுந்து வந்தான். “மழ நல்லா கழுவி உட்ருச்சு சார்,” என்றான் காஸ்பரிடம், ஒரு கண்ணைச் சுருக்கி. கிளாடிஸ் காதில் அது விழவில்லை. அவள் சீவிவிடுவதுபோல அந்தப் புல்லைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

“போட்டோ எடுங்க,” என்றாள் திடீரென்று. “எடுத்து அவளுக்கு அனுப்புங்க. பாக்கட்டும். அவ இல்லாம என் புள்ள எப்டி நிம்மதியா இருக்கான்னு பாக்கட்டும்.”

“எதுக்கு கிளாடி?”

“அனுப்புங்கன்னா.”

காஸ்பர் போனை எடுத்தார். வெயில் பட்டுத் திரை தெரியவில்லை. குடையின் நிழலில் வைத்துப் பார்த்து, எடுத்து, அனுப்பினார். கிளாடிஸ் பக்கத்திலேயே நின்றாள். கொஞ்ச நேரத்தில் போன் ஒரு தடவை சிணுங்கியது.

கிளாடிஸுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. “இன்னா எழுதியிருக்கா?”

திரையில் ஒரே வரி இருந்தது. நல்ல மழை மாமா.

காஸ்பர் அதை ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

“மன்னிச்சிருங்கன்னு எழுதியிருக்கா,” என்றார்.

“கேக்கட்டும்,” என்றாள் கிளாடிஸ். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, புல்லை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போய், மகனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.